சந்தனச் சவர்க்காரம் போட்ட கன்று

விளக்கு என் கையில் இருந்தது. எனக்கு முன்னால், மகனுடைய புது வீட்டின் போர்டிக்கோவில் விரித்த சாக்கின்மேல் எங்கள் வெள்ளைப் பசு வெள்ளச்சி நின்றாள். நெற்றியில் சந்தனம், கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. ஐயர் மணியைக் கையில் எடுத்தார். என் கணவர் கன்றைக் கொண்டுவந்து பசுவின் முகத்துக்கு நேரே விட்டார்.

வெள்ளச்சி குனிந்தாள். மூக்கை வைத்து மணந்தாள். பிறகு தலையைச் சரித்து ஒரே இடி.

கன்று நாலு காலும் நாலு பக்கம் போக மாபிள் தரையில் வழுக்கிக்கொண்டு போய், நிறைகுடம் வைத்திருந்த மேசையில் மோதி நின்றது. யாரோ பாய்ந்து குடத்தைப் பிடித்தார்கள். தேங்காய் மட்டும் படியில் உருண்டு போனது. கன்று கத்திய கத்தலில் ஐயரே மணியை மறந்து நின்றார். வெள்ளச்சி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தன் கழுத்து மாலையில் எட்டிய பூவைக் கடித்துத் தின்னத் தொடங்கினாள்.

அவ்வளவும் படமாகிக்கொண்டிருந்தது. கனடாவில் இருக்கும் என் மகள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து எங்கள் சனத்தில் பாதிப்பேர் அங்கே இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகைக்கு இந்தத் தொடரை எழுத நான் ஒப்புக்கொண்டபோது இவர் ஒன்றுதான் சொன்னார். "என்னைப் பற்றி என்னத்தையும் எழுதும். மாட்டைப் பற்றி மட்டும் பொய் எழுதாதேயும்." அதனால் இந்த வாரம் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் என்ன செய்வது?

வெள்ளச்சி புகுந்த வீடுகள்

எங்கள் பக்கத்தில் ஒரு புது வீட்டுக்குக் குடிபூருவதென்றால் முதலில் பசுவும் கன்றும் உள்ளே போகவேண்டும். பிறகுதான் மனிதர். பசு உள்ளே போய்ச் சாணி போட்டுவிட்டால் வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோசம். மற்ற நாளில் அதே சாணியை மிதித்துவிட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், அது வேறு கதை.

சண்டிலிப்பாயில் எங்கள் வளவைச் சுற்றிக் கொஞ்சக் காலமாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடுகள். குடிபூருவதற்கென்று வருவார்கள், விருந்து வைப்பார்கள், பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வீடுகள் எல்லாவற்றுக்குள்ளும் முதலில் காலை வைத்தது எங்கள் வெள்ளச்சிதான். அவளைப்போல ஒரு சாதுவான மாட்டை நான் கண்டதில்லை. நாதஸ்வரக்காரர் காதுக்குப் பக்கத்தில் நின்று ஊதினாலும் அசைபோட்டுக்கொண்டு நிற்பாள். அவளைக் கேட்டு ஆட்கள் வந்தால் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கும்தான்.

இவர் பிறந்து வளர்ந்தது தொண்டைமானாற்றுப் பக்கம். இவரின் அப்பாவுக்கு அங்கே பெரிய மாட்டுப்பட்டி இருந்தது. நாங்கள் கலியாணம் செய்த புதிதில் அந்தப் பட்டியோடுதான் வாழ்ந்தோம். விடியப் பால் கறந்து, மாடுகளைக் கடல்நீரேரிப் பக்கத்துத் தரவையில் மேயவிட்டு, பொழுது சாய மறித்துக்கொண்டு வருவதுதான் சீவியம். உப்புக்காற்றில் என் தலைமயிர் தும்பாகிப்போனது. என் வீட்டாரோ கந்தோரில் மேசை வேலை பார்த்த சனம். "மாட்டுக்காரனுக்குப் போயும் போயும்" என்று எனக்குக் கேட்கும்படியே கதைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு வெட்கமும் வந்தது என்பதை இவருக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சண்டை, இடப்பெயர்வு. பட்டி எங்கே போனதென்றே தெரியாமல் போனது. என் சீதனக் காணியான சண்டிலிப்பாய் வளவுக்கு வந்து, ஈனாத இளம் நாகு ஒன்று வாங்கி, திரும்பத் தொடங்கினோம். அந்த நாகின் வழியில் வந்தவள்தான் வெள்ளச்சி. அந்தப் பாலில்தான் பிள்ளைகள் இருவரும் படித்தார்கள்.

மூத்தவன் செந்தூரன் கட்டட எஞ்சினியராகிக் கொழும்பில் நெடுங்காலம் இருந்துவிட்டு, மருதனார்மடச் சந்திக்குக் கிட்டக் காணி வாங்கி வீடு கட்டினான். அவன் வந்து, "அப்பா, எங்கடை வெள்ளச்சிதான் முதல் உள்ளுக்கு வரவேணும். வேறை மாடு எனக்கு வேண்டாம்" என்றான். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டார். சந்தோசம் வந்தால் இவர் மாட்டிடம்தான் போவார்.

உப்புத் தண்ணீர் வைத்தியம்

ஆனால் ஒரு சிக்கல். அந்த நேரம் வெள்ளச்சியிடம் கன்று இல்லை. ஈன்ற கன்று கொஞ்ச நாளில் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று இல்லாத பசுவை வாசலில் ஏற்றக்கூடாது. இன்னொரு பசு, கறுப்பி, தலையீற்றுக் கன்றோடு நின்றாள். அவளைக் கொண்டுபோனால் ஐயரையும் உதைப்பாள், அக்கினியையும் உதைப்பாள்.

"கறுப்பியின்ரை கண்டை வெள்ளச்சிக்குச் சேர்த்துவிடுவம்" என்றார் இவர்.

இது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த வேலை. கன்றின் முதுகில் உப்புத் தண்ணீரும் தவிடும் பூசிப் பசுவின் பக்கத்தில் கட்டுவோம். முதலில் முட்டும். பிறகு உப்புக்காக நக்கும். நக்க நக்க அதன் வாய்மணமும் கொட்டில் மணமும் கன்றில் ஏறிவிடும். ஒருநாள் பார்த்தால் கன்று அதன் மடியில் நிற்கும், பசு சும்மா நிற்கும். வெள்ளச்சியும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டாள். கறுப்பி பெற்றதா, தான் பெற்றதா என்ற எண்ணமே இல்லாமல் காதை நக்கிவிட்டாள்.

கன்று எவருடையது என்று வெளியே சொல்லவில்லை. மச்சாளுக்கு, அதாவது இவரின் அக்காவுக்கு, மட்டும் தெரியும். அவர் தினமும் எங்களிடம் பால் வாங்க வருகிறவர்.

அக்காவின் சீலை

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான், வாசகர்களுக்குத் தெரியாது. செந்தூரன் நான் பெற்ற பிள்ளை அல்ல. என் அக்காவின் பிள்ளை.

அக்கா காய்ச்சலில் கண்ணை மூடியபோது அவன் எட்டடி நடக்கத் தொடங்கியிருந்தான். அத்தான் வெளிநாடு போன இடத்தில் வேறு குடும்பமாகிவிட்டார். பிள்ளையை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் கலியாணம் செய்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. இவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டிக்கு ஒரு கன்று வந்ததுபோலத்தான் எடுத்துக்கொண்டார்.

பிள்ளைதான் என்னை எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவான். பாலைத் தட்டிவிடுவான். இவர் தூக்கினால்கூட அடங்குவான், என்னைக் கண்டால் வீரிடுவான். நான் அக்காவின் சாயல் என்பார்கள். அந்தச் சாயல்தான் அவனுக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ.

ஒருநாள் பால் கறந்துகொண்டே இவர் சொன்னார். "இஞ்சேரும், எனக்கு மாட்டு வழிதான் தெரியும். உம்மடை அக்கா உடுத்தின சீலை ஒண்டு தோய்க்காமல் கிடந்தால், உடுத்திப் பாரும்."

கிடந்தது. பருத்திச் சீலை, அழுக்கோடு, ஒரு பையில். எடுத்து உடுத்திக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவன் தத்தித் தத்தி வந்தான். தோளில் முகத்தை வைத்தான். இரண்டு மூச்சு இழுத்தான். அப்படியே நித்திரையாகிவிட்டான்.

சந்தோசப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். வெட்கத்தில் குறுகிப்போனேன். அவன் வந்தது அக்காவிடம், என்னிடம் அல்ல. ஆளை ஏமாற்றிப் பிள்ளையைப் பிடித்தவள்போல இருந்தது. அந்தச் சீலையையே பல நாட்கள் உடுத்தேன். அதோடு சமைத்தேன், மாட்டுக்கொட்டில் கூட்டினேன். கடைசியில் அதில் அக்கா இருந்தாளோ நான் இருந்தேனோ தெரியாமல் சாணி மணந்தது. ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தோய்த்துக் காயப்போட்டேன். அன்றைக்கும் என்னிடம் வந்தான்.

அவன் பேசத் தொடங்கியபோது மச்சாள் அவனுக்கு "சின்னம்மா எண்டு கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்தார். அவன் அம்மா என்றுதான் கூப்பிட்டான். பெற்றவளைப் பற்றிப் பிறகு எல்லாம் சொன்னோம், படத்துக்கு விளக்கும் வைப்பான். இந்தச் சீலைக் கதையை மட்டும் நான் சொல்லவில்லை.

திறந்த ஜன்னல்

அவன் சின்ன வகுப்பில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். கறவை முடிந்த கையோடு, முகம் கைகால் கழுவி, நல்ல சீலைதான் உடுத்திப் போனேன். நான் போய் இருந்ததும் ஓர் ஆசிரியை எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். பாவம், அவர் ஒன்றும் நினைத்துச் செய்திருக்கமாட்டார். புழுக்கமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்த ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் நின்ற மகனும் பார்த்தான்.

அன்றுமுதல் சந்தனச் சவர்க்காரம் ஒன்று எனக்கென்று தனியே வைத்துக்கொண்டேன். கோயிலோ, கலியாண வீடோ, பள்ளிக்கூடமோ, வெளியே போவதென்றால் அதைப் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். ஒருநாள் மகன் கிணற்றடியில் நின்று கேட்டான். "அம்மா, எங்கை போறியள்? வேறை ஆள் மாதிரி மணக்கிறியள்."

"நல்ல மணமெல்லோ?" என்றேன்.

அவன் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டான்.

விடியற்காலை வேலை

இனிக் குடிபூரல் நாளுக்கு வருகிறேன். மருமகள் நிரோஜா கொழும்பில் வளர்ந்த பிள்ளை. அவளுடைய ஆட்கள் முதல்நாளே வந்து யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தார்கள். நல்ல மனிதர். எங்களை ஒரு குறையும் சொன்னதில்லை. குறை சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத்தான் எந்நேரமும் பயம். வெள்ளை மாபிள், வாசனைத் திரி, பட்டுச்சீலைகள். அதற்கு நடுவே எங்கள் மாடு. எங்கள் மணம்.

விடியற்காலை இவர் வெள்ளச்சியைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கன்றைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். என் சந்தனச் சவர்க்காரத்தை எடுத்துத் தலையிலிருந்து வால்வரை நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். துவாயால் துடைத்தேன். இன்னும் என்ன, கொஞ்சம் பவுடரும் போட்டேன். லொறியில் போனால் ஊத்தையாகிவிடுமென்று சொல்லி, ஓட்டோ பிடித்து என் காலடியில் கிடத்திக் கொண்டுபோனேன்.

ஒரு சீவியம் முழுக்க மாட்டோடு கிடந்தவள் நான். பசு கன்றை அறிவது மூக்கால் என்பது எனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணீர் பூசியதே என் கைதானே? ஆனாலும் செய்தேன். வெட்கம் பிடித்தவளுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும் என்று இப்போது விளங்குகிறது.

வாசலில்

கன்று கத்திக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் மச்சாளின் குரல் வந்தது. அவருக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது.

"உது வெள்ளச்சியின்ரை கண்டு இல்லையெல்லோ? என்னதான் கட்டி வைச்சாலும், பெறாததை மாடு சேர்க்குமே?"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். கெட்ட மனதில் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் ஊர்ச்சனம் முழுக்கத் திரும்பியது. சிலர் என் மகனைப் பார்த்தார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். நான் மகனைப் பார்க்கவில்லை.

இவர் குனிந்து கன்றின் முதுகை மணந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சவர்க்காரம் போட்டனீரோ?" என்று கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் விளக்கைப் படியில் வைத்தேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டேன். ஓடினேன் என்றுதான் எழுதவேண்டும்.

பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே சீமெந்து மூட்டை ஒன்று மிச்சம் கிடந்தது. அதன்மேல் இருந்துகொண்டு என் கையை மணந்து பார்த்தேன். சந்தனம். அழுகை வந்தது. அவனுடைய சொந்த வீட்டு வாசலில், அவனுடைய மாமனார் மாமியார் முன்னால், பெறாதவள் என்ற பேச்சு எழும்ப நான்தானே வழி வைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நிற்கவாவது எனக்குத் தெம்பு இருந்ததா? அதுவும் இல்லை.

என் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து மகள்.

"அம்மா, எங்கை போட்டியள்? அண்ணை என்ன செய்யிறார் எண்டு பாக்கேல்லையே?"

"என்ன செய்யிறான்?"

"லொறியிலையிருந்து வெள்ளச்சியின்ரை படுக்கைச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்து, கண்டைப் போட்டுத் துடைக்கிறார் அம்மா. பட்டு வேட்டி முழுக்கச் சாணி. ஐயர் ஏதோ சொல்லுறார், அண்ணை கேக்கேல்லை. தலை, முதுகு, வால் எல்லாம் துடைச்சுப்போட்டார். இப்ப கொண்டுபோய் விடுறார்... பொறுங்கோ... மணந்து பாக்குது... அம்மா, நக்குது அம்மா!"

வாசல் பக்கம் நிரோஜாவின் ஆட்கள் கைதட்டுவது எனக்கு நேராகவும் கேட்டது, தொலைபேசியிலும் கேட்டது. அவர்கள் மூக்கைப் பொத்துவார்கள் என்று பயந்திருந்தேன். அவர்கள் மாட்டோடு நின்று படம் எடுக்க ஆசைப்பட்டுக்கொண்டு நின்றார்களாம்.

"நீங்கள் ஏன் அங்கை இல்லை?" என்று மகள் கேட்டாள்.

இவர் வந்தார். "எழும்பும். நல்ல நேரம் முடியப்போகுது. உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறான்."

"மச்சாள் விளக்கைக் கொண்டு போகட்டும்."

"அக்கா கேட்டுப் பாத்தவ. 'மாமி, அம்மா வருவா' எண்டு சொல்லிப்போட்டு வாசலிலை நிக்கிறான். மாடும் நிக்குது, ஐயரும் நிக்கிறார். வாரும்."

போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். அவனுடைய வேட்டிக் கரைதான் முதலில் தெரிந்தது, பச்சையும் மண்ணிறமுமாக. பக்கத்தில் கன்று வெள்ளச்சியின் மடியில் முட்டிக்கொண்டு நின்றது. நான் விளக்கை எடுக்கக் குனிந்தேன்.

மகன் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான். "இண்டைக்கும் வேறை ஆள் மாதிரி மணக்கிறியள் அம்மா."

பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, அந்தச் சாக்காலேயே, அத்தனை பேரும் பார்க்கத் துடைத்துவிட்டான். விரல் விரலாகத் துடைத்தான். நான் சின்னப்பிள்ளைபோல நீட்டிக்கொண்டு நின்றேன். "இப்ப சரி. வாங்கோ" என்றான்.

வெள்ளச்சி உள்ளே போனாள். விறாந்தையைத் தாண்டமுதலே சாணி போட்டாள். சனம் சிரித்தது. மச்சாள் அழுதுகொண்டே சிரித்தார்.

படப்பிரதியை மகள் எனக்கும் அனுப்பியிருக்கிறாள். இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். கன்றைத் துடைக்கும் இடம் வந்தால் எனக்குக் கூப்பிட்டுக் காட்டுவார். அதுவரை நானும் பார்ப்பேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படத்தில் ஒன்றும் நடக்காது. படியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஊத்தை வேட்டியோடு என் மகன் நான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்த இடம் வரும்போது நான் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுகிறேன்.